ஒன்பதாவது களத்தில் மட்டும் புல்

எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், கோழித்தீவன ஆலைகளுக்குச் சற்று முன்னால், வசந்தாமணியின் எடைமேடை இருக்கிறது. மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரியும், கோழி எரு அள்ளிப் போகும் டிராக்டரும் அதன்மேல் ஏறி நின்று, எடை தெரிந்து, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். விற்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறுபக்கமும் நின்று முறைத்துக்கொண்டிருந்தாலும், வசந்தாமணி சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும். கொடுத்த ஒவ்வொரு சீட்டுக்கும் அவளிடம் நகல் இருந்தது. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்த சான்றிதழ்கள் சட்டம் போட்டுச் சுவரில் வரிசையாகத் தொங்கின. “வசந்தாமணி போட்ட எடை” என்றால் அந்த வட்டாரத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

இப்படிப்பட்டவள் கோல்ஃப் ஆட வந்தது எடைமேடையின் வழியாகத்தான். மேடைக்குப் பின்புறம் இருப்பது சின்னண்ணனின் மேட்டுக்காடு. சின்னண்ணன் ரிக் வண்டி முதலாளி. ஊர் ஊராக மட்டுமல்லாமல் நாடு நாடாகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ஆப்பிரிக்காவில் தொழில் செய்த காலத்தில், புல் முளைக்காத பொட்டலில் ஆட்கள் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் தம் மேட்டுக்காட்டில் ஒன்பது குழிகள் வெட்டினார். உலகத்துக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் சொந்தக் காட்டில் எங்கே துளை போட்டாலும் புகைதான் கிளம்பியது. ஆகவே குழியைச் சுற்றிப் புல்தரை இருக்கவேண்டிய இடத்தில் மணலை வட்டமாகக் கொட்டி, லாரிகளில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிப் பிசைந்து, உருளை விட்டு இறுக்கினார். பார்ப்பதற்கு நெல் அடிக்கும் களம் போல இருந்ததால் களம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

களத்துக்கென்று ஒரு முறை உண்டு. நாலு பேர் நடந்தால் மணல் குலைந்துவிடும். குலைந்த மணலில் பந்து நேராக உருளாது. அதனால் கைப்பிடி வைத்துப் பற்றவைத்த ஓர் இரும்புக் குழாய் ஒவ்வொரு களத்தின் ஓரத்திலும் கிடக்கும். அதற்கு இழுவை என்று பெயர். இழுவையைக் குழியிலிருந்து விளிம்பு வரை ஒரு முறை இழுத்தால், வழவழப்பான பாதை ஒன்று கிடைக்கும். பந்து களத்தில் எங்கே கிடந்தாலும், குழிக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்து, அதே தூரத்தில் பந்தைப் பாதைக்கு நகர்த்தி வைத்து உருட்டவேண்டும். எல்லோருக்கும் ஒரே பாதை, அவரவர் தூரம் அவரவருக்கு. களத்தில் பந்தைக் கையால் எடுத்து நகர்த்துவது குற்றமல்ல. நகர்த்தாமல் அடிப்பவனைத்தான் சிரிப்பார்கள்.

ஒரு நாள் சின்னண்ணன் அடித்த பந்து வேலி தாண்டி எடைமேடையில் வந்து விழுந்தது. அவர் பந்தைத் தேடி வந்தபோது, வசந்தாமணி ஜன்னல் வழியே திரையைக் காட்டி, “உங்க பந்து சைபர் கிலோ காட்டுதுங்கண்ணா, சீட்டுப் போடட்டுங்களா?” என்றாள்.

“பந்தைக் குடு அம்மிணி. சீட்டுக் காசு கேட்டா அடுத்த பந்து ஜன்னல்ல விழும்.”

அப்படிப் பந்து பொறுக்கிக் கொடுக்கப் போனவள், ஒரு மட்டையை வாங்கி வீசிப் பார்த்தாள். வண்டி வராத நேரத்தில் பழகினாள். கைபேசியில் படம் பார்த்து வீச்சைக் கற்றாள். ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து, ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தாள். மற்றவர்கள் தூரமாக அடிப்பதில் பெருமைப்பட்டபோது, அவள் குழிக்கு அருகே உருட்டும் அடியில் தேர்ந்தாள். எடை போடுகிற கை என்பதால்தான் அப்படி அமைகிறது என்று சின்னண்ணன் சொல்லுவார். அவளுடைய கணவன் ஜெயபிரகாஷ் ரிக் வண்டியோடு வடக்கே மாதக்கணக்கில் இருப்பவன். ஊர் வரும்போதெல்லாம் அவளோடு களத்துக்கு வந்து இழுவை இழுத்துக் கொடுப்பான்.

பிறகுதான் அந்த மலை நகரத்துப் போட்டி வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கே ஒரு மலை நகரத்துக் கழகம் பெண்களுக்கான போட்டி நடத்தியது. வசந்தாமணி பெயர் கொடுத்துப் போனாள். கம்பளம் விரித்தாற்போன்ற புல்தரையை அன்றுதான் முதன்முதலாக மிதித்தாள். புல்தரையில் பந்தை நகர்த்தக்கூடாது; கிடந்த இடத்திலிருந்தேதான் உருட்டவேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு குழியிலும், “இது புல்லு, இது புல்லு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஆடினாள். கடைசிக் குழிக்கு வந்தபோது எல்லோரையும்விட முன்னணியில் இருந்தாள். அங்கே உருளை ஓட்டியதால் புல்லின் நடுவே வெளிறிய தடம் ஒன்று குழி வரைக்கும் படிந்திருந்தது. வெற்றி கிட்டிவிட்ட மகிழ்ச்சியில் சொல்லிக்கொள்ள மறந்துபோனாள். கை பந்தை எடுத்தது, தூரம் பிசகாமல் அந்தத் தடத்தில் வைத்தது, உருட்டியது. பந்து குழிக்குள் விழுந்த பிறகுதான் உடன் ஆடிய டாக்டர் ஆன்சி குரல் கொடுத்தார். அவர் சேலம் அஸ்தம்பட்டியில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர்.

“பந்தை நகர்த்திட்டாங்க! நான் பார்த்தேன்!”

விதிப்படி அதற்குத் தண்டம், அடித்த கணக்கோடு இன்னும் இரண்டு அடி கூட்டிக்கொள்வதுதான். அதை ஏற்றுக்கொள்ள வசந்தாமணி அங்கேயே தயாராக இருந்தாள். ஆனால் கழகத்தின் குழு, அவள் ஊர்க் களத்து முறையைச் சொன்னபோது, அப்படியும் ஒரு முறை உண்டா என்று சிரித்துவிட்டு, போட்டியிலிருந்தே நீக்கியது. பின்னால் வந்த கடிதத்தில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருந்தது. களத்தின் படங்கள், இழுவையின் படம், சின்னண்ணனின் கையொப்பம் எல்லாவற்றையும் இணைத்து அவள் பதிவுத் தபாலில் விளக்கம் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது, பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். மறுபடி அட்டைதான் வந்தது. எல்லாம் கோப்பில் இருக்கின்றன.

பிறர் சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். நாளடைவில் அவளே தன்னைக் கேட்கத் தொடங்கியதுதான் தாங்கவில்லை. பந்தை எடுத்த நொடியில் மனத்தில் என்ன இருந்தது? வெற்றியின் நினைப்பு இருந்தது உண்மைதானே? பழக்கம் எடுத்ததா, ஆசை எடுத்ததா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த நொடி மட்டும் கைக்குச் சிக்கவில்லை. அதற்குப் பிறகு தூரத்து அடியெல்லாம் சரியாகப் போயின. குழிக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் மட்டை பிடித்த கை வெடவெடக்கும். பந்து குழியைச் சுற்றிக்கொண்டு ஓடும். சின்னண்ணன் இரக்கப்பட்டு, அவள் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்தாலே, “விட்டாச்சு, எடுத்துக்க அம்மிணி” என்று, அடிக்காமலே அது விழுந்ததாகக் கணக்கு வைத்து விட்டுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த இரக்கம் அவளுக்கு இன்னும் கசந்தது. ஆடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டாள்.

எடைமேடையிலும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. திரையில் தெரியும் எண்ணை ஒரு முறைக்கு மூன்று முறை பார்ப்பாள், டிரைவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள், அப்புறம்தான் சீட்டு. மக்காச்சோள லாரி ஓட்டும் செங்கோடனுக்கு இது வேடிக்கை. “அக்கோவ், பாத்துப் பாத்து எண்ணே தேஞ்சு போயிரும். வேணும்னா நம்ம வண்டிய நகர்த்தி வெச்சு ஒரு எடை போடுங்களே!” அவன் உள்ளர்த்தம் இல்லாமல் சொல்கிறவன்தான். ஆனாலும் ‘நகர்த்தி’ என்ற சொல் அவளுக்கு முள்ளாகக் குத்தும்.

இந்த ஆண்டு பங்குனி பிறந்ததும் சின்னண்ணன் ஒரு சேதியோடு வந்தார். காட்டின் கோடியில் போட்ட துளை ஒன்றில் கடைசியில் தண்ணீர் வந்துவிட்டது. நூலாட்டம் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். ஒன்பதாவது களத்தை மட்டும் கிளறிப் புல் பதித்துவிட்டார். அதைக் கொண்டாடச் சேலத்துக் கழகத்தாரை அழைத்து ஆட்டம் வைத்திருந்தார். பாறையைக் குடையும் பழைய ரிக் பிட்டுக்கு வெள்ளி பெயின்ட் அடித்துக் கோப்பையாகவும் செய்துவிட்டார்.

“உம் பேரையும் சேத்துச் சீட்டுக் குலுக்கியாச்சு அம்மிணி. உனக்கு எதிரா வந்தது பல் டாக்டர்.”

“அந்த டாக்டருங்களா?”

“அதே டாக்டர்தான்.”

வசந்தாமணி கையிலிருந்த சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “இந்த ஒரு ஆட்டம் ஆடறனுங்கண்ணா. இதுலயும் கை நடுங்குச்சுன்னா மட்டையெல்லாம் ஆருக்காவது குடுத்துருங்க. இனி அதை என் கண்ணுல காட்டாதீங்க. அப்பறம், யாரும் எனக்கு விட்டுக்குடுக்கக்கூடாது” என்றாள்.

இரவு ஜெயபிரகாஷுக்குப் போன் செய்து சொன்னாள். “அவங்களுக்கு நம்ம களம் புதுசு. பயப்பட வேண்டியது அவங்கதான், நீ எதுக்கு?” என்றான் அவன். பிறகு, “எதுக்கும் பூட்ஸைத் தொடச்சுட்டுப் போ புள்ள. ஒட்டடை புடிச்சிருக்கும்” என்று சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்சி வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. வசந்தாமணியைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி, வணக்கம் சொன்னார். வசந்தாமணியும் சொன்னாள். ஆட்டம் குழிக்குக் குழி. குறைந்த அடியில் முடிப்பவருக்கு அந்தக் குழி. கடைசியில் யார் அதிகக் குழிகளை வென்றார்களோ அவர்களுக்கு ஆட்டம்.

முதல் களத்தில் ஆன்சியின் பந்து காலடிகளால் குலைந்த மணலில் கிடந்தது. அவர் குனிந்து நோட்டம் பார்த்து, கிடந்த இடத்திலிருந்தே உருட்டத் தயாரானார்.

“டாக்டருங்க, அங்கிருந்து அடிச்சா தவ்வும். கயித்துல அளந்து, பந்தை எடுத்து இந்தப் பாதைல வைங்க.”

“எடுத்து வைக்கறதா? கையால?”

“ஆமாங்க. இங்க அதுதான் முறை.”

ஆன்சி தொடவே தயங்கினார். சுற்றிலும் பார்த்தார். வேலியோரம் நின்ற சின்னண்ணன், “சும்மா எடுங்க டாக்டரே, பல்லா புடுங்கறீங்க?” என்று குரல் கொடுத்ததும்தான் சிரித்துக்கொண்டே எடுத்தார். எடுத்த விரலில் ஆயில் ஒட்டியது, கையுறை கறுத்தது. வசந்தாமணி இழுவையை இழுத்து அவருக்குப் பாதையைச் சரி செய்து கொடுத்தாள். அந்த வேலையில் அவள் கை ஆடவில்லை. தன் பந்துக்கு முன்னால் நின்றபோதுதான் ஆடியது. முதல் குழி ஆன்சிக்குப் போயிற்று.

ஆனால் களத்துக்குக் களம் ஆன்சி முறையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது களத்தில் கயிற்றைத் தாமே கேட்டு வாங்கினார். ஆறாவதில் இழுவையைத் தாமே இழுத்தார்; பாதை கொஞ்சம் கோணிப்போனதற்குத் தம்மையே திட்டிக்கொண்டார். வசந்தாமணிக்குத் தூரத்து அடிகள் நன்றாக அமைந்தன. குழியோரத்தில் இழந்ததை அங்கே மீட்டு, எட்டாவது முடிந்தபோது ஆட்டத்தைச் சமமாக்கியிருந்தாள்.

மீதி இருந்தது ஒன்பதாவது. லாரிக்கு எழுத்து எழுதும் ஆளைக் கொண்டு, சிவப்பும் மஞ்சளுமாக நிழல் கொடுத்து, சின்னண்ணன் அங்கே ஒரு பலகை எழுதி நட்டிருந்தார்: ‘இது புல். பந்தை நகர்த்தக்கூடாது.’ கீழே ஒரு தாமரைப் பூவும் வரைந்திருந்தது.

ஆன்சி ஒரே அடியில் பந்தைப் புல்லுக்குக் கொண்டுவந்தார். ஆனால் குழியிலிருந்து தள்ளியே நின்றது. வசந்தாமணியின் முதல் அடி புல்லைத் தொடாமல் நின்றது. இரண்டாவது அடியில் குழிக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நின்றது. அவள் பயந்த அதே ஒரு முழம். தூரத்தில் இருப்பவர்தான் முதலில் உருட்டவேண்டும் என்பதால், இனி ஆன்சியின் முறை.

ஆன்சி எதையோ பேசிக்கொண்டே வந்தார். சேலத்தில் இந்த வெயிலுக்கு யாரும் இப்போதே ஆட வருவதில்லை, ஏற்காடு போகவேண்டும் என்கிறார்கள், அங்கேயும் கூட்டம் என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். பந்தை எடுத்தார். புல் வெட்டும் இயந்திரம் போன தடம் ஒன்று குழிவரைக்கும் தெரிந்தது. மட்டையால் தூரத்தைக் கணக்காகப் பார்த்து, பந்தை அந்தத் தடத்தில் வைத்து, நிமிர்ந்து மட்டையைப் பிடித்தார்.

பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வேலியோரத்தில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. விதி வசந்தாமணிக்கு மனப்பாடம். குழிக்குக் குழி ஆட்டத்தில் இதற்குத் தண்டம் அந்தக் குழியையே இழப்பது; ஆன்சி அங்கிருந்து அடித்துவிட்டால் குழியும் ஆட்டமும் வசந்தாமணிக்கு. ஒரு முழத்தை உருட்டவேண்டிய அவசியமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அன்று ஒருவர் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது விதியை அல்ல, அந்தக் கையை. கறுத்த கையுறை போட்ட அந்தக் கை எதையும் திருடவில்லை. காலையெல்லாம் எதைச் செய்ததோ அதைச் செய்தது. பேச்சு ஏற்காட்டில் இருந்தது, கை களத்தில் இருந்தது. இத்தனை காலமாகத் தேடியும் சிக்காத நொடி, பட்டப்பகலில், அடுத்தவர் கையில், அவள் கண்முன் நடந்து முடிந்திருந்தது.

“டாக்டருங்க, நில்லுங்க! அடிச்சுப்போடாதீங்க. இது புல்லு.”

ஆன்சி மட்டையை உயர்த்தியபடியே நின்றார். பந்தைப் பார்த்தார், பழைய இடத்தைப் பார்த்தார், திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு தம் கையை யாருடையதோ போல விரித்துப் பார்த்தார்.

“ஐயோ. நான்… எனக்குத் தெரியவே இல்ல. எப்போ எடுத்தேன்?”

“எடுத்தது தெரியாதுங்க. எனக்கும் அப்படித்தான் தெரியல.”

வேலியோரத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. ஆன்சிக்குக் கேட்டது. அவர் மட்டையைத் தாழ்த்தினார்.

“அன்னைக்கு நீங்க பந்தை எடுக்கும்போதே பார்த்தேன், வசந்தாமணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க முன்னால இருந்தீங்க, அடிக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னைக்கு நீங்களும் விட்டிருக்கலாம்.”

வசந்தாமணி பந்து முன்பு கிடந்த இடத்தைக் காட்டினாள். “அடையாளம் வைக்காம எடுத்ததுக்கு ஒரு அடி சேருமுங்க. அவ்வளவுதான் சேரும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. எடுத்த இடத்துலயே வெச்சுட்டு அடிங்க” என்றாள்.

எடை சொல்லும் குரல் அது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஆன்சி பந்தைப் பழைய இடத்தில் வைத்தார். நெடுநேரம் நின்று உருட்டினார். பந்து புல்லில் வளைந்து வந்து, விளிம்பில் யோசித்து, குழிக்குள் விழுந்தது. தண்டத்தோடு சேர்த்து மூன்று. வசந்தாமணி இதுவரை அடித்தது இரண்டு. அந்த ஒரு முழம் உள்ளே போனால் சமன். போகாவிட்டால் ஆட்டம் ஆன்சிக்கு.

அவள் பந்தை நோக்கி நடந்தபோது, ஆன்சி அவசரமாக, “வசந்தாமணி, அதை நீங்க…” என்று தொடங்கினார்.

“வாயத் தொறக்காதீங்க டாக்டருங்க! விட்டுட்டேன்னு சொல்லிப்போட்டீங்கன்னா விதிப்படி நான் மறுக்க முடியாது. சொல்லாதீங்க, சாமி. நான் அடிக்கோணும்.”

ஆன்சி கையுறை போட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கின் கீழே ஆயில் மீசை ஒன்று விழுந்தது. சின்னண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

வசந்தாமணி குனிந்து நின்றாள். கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அது பயந்த கையின் நடுக்கமாக மட்டும் இருந்தது. குற்றவாளியின் கையாக இல்லை. அந்த வேறுபாடு அவளுக்குப் போதுமானதாக இருந்தது. “இது புல்லு” என்று மெல்லச் சொல்லிக்கொண்டு உருட்டினாள்.

பந்து குழியின் அடியில் தட்டிய சத்தம் வேலிவரைக்கும் கேட்டது.

“சமன்னா கோப்பையை ஆருக்குக் குடுக்கறது?” என்று சின்னண்ணன் பெருங்குரலில் அங்கலாய்த்தார். “ரிக் பிட்டை ரெண்டாவா அறுக்க முடியும்?” ஆறு மாதம் எருமப்பட்டியில், ஆறு மாதம் அஸ்தம்பட்டியில் என்று ஆன்சிதான் வழி சொன்னார். தம் மருத்துவமனையில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் வைத்தால், பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்தே ஓடிவிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு வசந்தாமணியிடம் தனியே வந்து, “அந்தக் குழுவுக்கு நான் எழுதறேன். நடந்ததை நடந்தபடி” என்றார்.

“எழுதுங்க. எனக்கும் ஒரு நகல் அனுப்பிருங்க, கோப்புல வெக்கோணும்.”

சாலைப் பக்கம் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. செங்கோடனின் மக்காச்சோள லாரி. வசந்தாமணி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வேலி இடுக்கு வழியாக ஓடினாள். லாரி மேடையில் ஏறி நின்றது. திரையில் எண் ஓடி ஓடி நிலைத்தது. அவள் ஒரு தடவை பார்த்தாள். சீட்டைக் கிழித்து, நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே நீட்டினாள்.

மூன்று முறைக்குப் பழகியிருந்த செங்கோடன் வண்டியை விட்டு இறங்கி, திரையைப் பார்க்க வந்து, பாதி வழியில் நின்றான்.

“ஏனுங்கக்கா, இன்னொருக்கா பாக்கலீங்களா?”

“பாத்தாச்சு. வண்டிய எடு, பின்னால டிராக்டர் நிக்குது.”